படலையடியில் கழரும் சங்கிலி

சைக்கிளைத் தோளில் வைத்துக்கொண்டு அந்த ஒழுங்கையால் நடந்துகொண்டிருந்தேன். முன்சில்லு எட்டாம் இலக்கம்போல நெளிந்திருந்தது. பத்துப் பன்னிரண்டு கம்பிகள் வெளியே நீட்டிக்கொண்டு நின்றன. நடக்க நடக்க அவற்றில் ஒன்று காதுக்குப் பின்னால் குத்தியது. தோளை மாற்றவில்லை. மற்றத் தோளில் அடி விழுந்திருந்தது.

பின்னால் படலை சாத்துகிற சத்தம் கேட்டது. அதற்குச் சற்று முன் ஒரு குரல், "தம்பி, பாத்துப் போம். பள்ளமும் திட்டியுமாக் கிடக்கு" என்று அன்பாகச் சொன்னது. அரை மணித்தியாலத்துக்கு முன் என்னை நிலத்தில் விழுத்தி ஏசியதும் அதே குரல்தான்.

வாயில் கோப்பியின் கசப்பும் பனங்கட்டியின் இனிப்பும் இருந்தன. துப்பினால் போய்விடும் என்று இரண்டு தரம் துப்பிப் பார்த்தேன். போகவில்லை.

சைக்கிள் என்னுடையது அல்ல. ஒழுங்கையின் மற்ற முனையில், இன்னும் ஒன்றரை மைலுக்கு அப்பால் இருந்தவனுடையது. அடுத்த நாள் விடியமுன் அவன் அதில் ஏறி வேலைக்குப் போக வேண்டும். ஒரு நாள் பிந்தினால் அவனுடைய பெயரை வெட்டிவிடுவார்கள். அவனிடம் என்ன சொல்வது என்று யோசித்தபடி நடந்தேன். என் காதில் ஒரே ஒரு சொல் திரும்பத் திரும்ப விழுந்துகொண்டிருந்தது. அந்தச் சொல்லுக்கு வர முன் மற்றதைச் சொல்ல வேண்டும்.

நான் ஐந்தாம் வகுப்போடு பண்டத்தரிப்பை விட்டு ஓடியவன். பெரிய காரணம் ஒன்றும் இல்லை. ஓரிடத்தில் இருந்தால் எனக்குக் கால் உளையும். குருநாகலில் தேங்காய் உரித்தேன். திருகோணமலையில் மூட்டை தூக்கினேன். மன்னாரில் கருவாட்டுக்குக் காவல் இருந்தேன். ஒரு வருடம் மலைக்காய்ச்சலோடு பாயில் கிடந்தேன். எழும்பியபோது தலைமயிர் பாதி கொட்டியிருந்தது, அவ்வளவுதான். உலக யுத்தம் வந்து, வெள்ளைக்காரர் குடாநாட்டின் வடக்கில் விமானத் தளம் கட்ட ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டுத் திரும்பி வந்தேன். ஊருக்குப் போகவில்லை. திருநெல்வேலிச் சந்தைக்குப் பின்னால் ஒரு வைக்கோல் கடையோடு சேர்த்து இறக்கிய ஓலைச் சார்ப்பில் படுக்க இடம் கிடைத்தது. கொந்திராத்துக்காரர் ஒருவரிடம் சீமெந்து குழைக்கிற வேலை கிடைத்தது. இரண்டுக்கும் நடுவில் ஒன்பது மைல்.

அந்த ஒன்பது மைலுக்குத்தான் சைக்கிள். சந்தையில் பழைய இரும்பு சேர்க்கிறவன் ஒருவனுக்கு ஒரு மாதம் வண்டி தள்ளிக் கொடுத்தேன். அவன் தன் குவியலிலிருந்து இழுத்தெடுத்துத் தந்தான். மட்கார்ட் இல்லை, பெல் இல்லை, பிறேக் இல்லை. நிறுத்த வேண்டுமானால் குதிக்காலை முன் ரயரில் வைத்து அழுத்த வேண்டும். மாரியில் வழுக்கும், கோடையில் சுடும். குதிக்கால் தோல் மாட்டுத்தோல் ஆகிவிட்டது. அதனால் செருப்புத் தேவைப்படவில்லை.

விடியப்புறம் ஐந்து மணிக்குப் பலாலி றோட்டில் ஏறினால் முன்னாலும் பின்னாலும் சைக்கிள்கள்தான். காரியரில் சோற்றுப் பொதி, கைபிடிக்கிற காண்டிலில் சுருட்டிய சாக்கு. யாரும் கதைக்க மாட்டார்கள். சோளகக் காற்று அடிக்கிற மாதங்களில் காலையில் அது முதுகைத் தள்ளிக்கொண்டு போய் வேலைத்தளத்தில் விடும். பின்னேரம் அதே காற்று முகத்தில் நின்று மறிக்கும். பட்டாளத்து லொறிகள் வந்தால் எல்லோரும் றோட்டை விட்டு இறங்கி நிற்போம். செம்மண் புழுதி அடங்கிய பிறகு ஆளை ஆள் பார்த்தால் அடையாளம் தெரியாது. ரயர் எங்கும் வாங்க இயலாது, பெர்மிட் வேண்டும். கிழிந்த ரயருக்குள் தும்புக்கயிற்றை அடைத்துக்கொண்டு ஓடினோம். ஒவ்வொரு சில்லும் ஒவ்வொரு மாதிரிச் சத்தம் போடும்.

ஒரு காலை என் சங்கிலி அறுந்துவிட்டது. நாற்பது பேர் விலத்திக்கொண்டு போனார்கள். ஒருவன் நின்றான். என்னைவிட இரண்டு மூன்று வயது மூத்தவன். மடியிலிருந்து ஒரு ஆணியை எடுத்து, கல்லால் தட்டி, அறுந்த கண்ணியைப் பொருத்தினான்.

"அண்ணை, ஒரு கிழமைக்குத் தாங்கும்" என்றான்.

"நீயும் தளத்துக்கோ?"

"ஓம். மேசன் வேலை. தரை பூசுறன்."

அன்றிலிருந்து சேர்ந்து போனோம். நான் பெரிய றோட்டை விட்டு அவன் குடியிருந்த பக்கமாகத் திரும்புவேன். அங்கிருந்து ஒரு ஒழுங்கை தோட்டங்களுக்கும் பனங்காணிகளுக்கும் நடுவால் போய் மறுபடி பெரிய றோட்டில் ஏறும். இரண்டு மைல் மிச்சம், லொறிப் புழுதியும் இல்லை. நான் அவனை "மேசன்" என்று கூப்பிட்டேன், "நீ" என்று கதைத்தேன். வயதில் மூத்த அவன் என்னை "அண்ணை" என்றும் "நீங்கள்" என்றும் சொன்னான். அதைப்பற்றி நாங்கள் இருவருமே யோசிக்கவில்லை என்றுதான் நினைத்திருந்தேன். யோசிக்காதவன் நான் ஒருவன் மட்டும்தான்.

அவனுடைய சைக்கிள் நல்லது. கொழும்பில் வேலை செய்த மைத்துனன் ரெயிலில் ஏற்றி அனுப்பியது. தளத்தில் மிஞ்சிய பட்டாளத்துப் பச்சைப் பெயின்ற்றை வாங்கி இரண்டு மட்கார்ட்டுக்கும் அடித்திருந்தான். தூரத்தில் வரும்போதே தெரியும். அந்தப் பக்கத்தில் பச்சைச் சைக்கிள் என்றால் அது ஒன்றுதான்.

ஒழுங்கையின் நடுவில் ஒரு பெரிய வீடு இருந்தது. வாசலில் பழைய காலத்துச் சங்கடப்படலை. மேலே ஓலைக் கூரை, இரண்டு பக்கமும் இருக்கக் குந்து, மூலையில் ஒரு தண்ணீர்ப் பானை. வழியால் போகிறவர்கள் இருந்து ஆறிப் போகட்டும் என்று கட்டியது. அதற்கு இருபது பாகம், அதாவது நாற்பது யார், இப்பால் ஒரு புளிய மரம். அந்த மரத்தடிக்கு வந்தால் மேசன் சைக்கிளால் இறங்கிவிடுவான். உருட்டிக்கொண்டு நடந்து, படலையைக் கடந்து, கிணற்றடி மதகு வந்த பிறகுதான் மறுபடி ஏறுவான்.

"என்ன நடந்தது?" என்று முதல் நாள் கேட்டேன்.

"சங்கிலி கழரப் பாக்குது அண்ணை."

அடுத்த நாள் காற்றுக் குறைவு. அதற்கடுத்த நாள் கால் விறைப்பு. பிறகு மறுபடியும் சங்கிலி. போகிறபோதும் இறங்குவான், வருகிறபோதும் இறங்குவான். நான் ஏறியபடியே முன்னால் போய் மதகில் காத்திருந்து பகிடி பண்ணுவேன்.

"மேசன், உன்ரை சைக்கிளுக்கு உந்தப் படலையைக் கண்டால் வலிப்பு வருது. பேயடிச்சிருக்கு. ஒரு நூல் கட்டு."

"கட்டத்தான் வேணும்" என்று சிரிப்பான்.

இதை வாசிக்கிறவர்கள், உனக்கு அப்போதே விளங்கவில்லையா என்று கேட்கலாம். நான் அந்த மண்ணில் பிறந்தவன். யார் எந்தக் கிணற்றில் அள்ளலாம், யார் பேணியில், யார் சிரட்டையில் குடிக்க வேண்டும், யார் எந்த வாசலில் சால்வையை இடுப்பில் கட்ட வேண்டும் என்பதெல்லாம் சிறுவயதில் கண்ணால் கண்டவைதான். மேசன் எந்தச் சாதி என்றும் தெரியும். ஆனால் நான் ஓடிப்போன காலத்தில் எங்கள் ஊரில் சைக்கிள் இருக்கவில்லை. இல்லாத பொருளுக்கு ஒரு சட்டம் என் தலைக்குள் எப்படி இருக்கும்? சட்டம் எனக்குப் பின்னால் வந்திருக்கிறது. அதைச் செய்தவர்கள் என்னைக் கேட்கவில்லை. நானும் அவனைச் சரியாகக் கேட்கவில்லை.

அன்று பின்னேரம் வேலை முடிகிற நேரம் என் முன் ரயர் ஒரு சாண் நீளத்துக்குக் கிழிந்து கிடந்தது. மேசனுக்கு இன்னும் ஒரு மணித்தியால வேலை இருந்தது. பூசிய தரை இறுகும் முன் தேய்த்து முடிக்க வேண்டும். பிந்தி நிற்கிறவர்களைச் சந்திவரை லொறியில் கொண்டுவந்து விடுவார்கள்.

"என்ரையிலை போங்கோ அண்ணை" என்றான். "உங்கடையை நான் லொறியிலை போட்டுக் கொண்டுவாறன். வீட்டிலை தும்பு கிடக்கு, அடைஞ்சு வைக்கிறன். நீங்கள் என்ரை வீட்டடியிலை நில்லுங்கோ."

நான் ஏறிவிட்டேன். அவன் பூச்சுக் கரணையைக் கீழே வைத்துவிட்டு எழும்பி வந்தான்.

"பெரிய றோட்டாலை போங்கோ. ஒழுங்கையாலை வேண்டாம்."

"ஏன்?"

"முள்ளு வெட்டிப் போட்டிருக்கு. ரயருக்குக் கூடாது." கொஞ்சம் நின்று, "அப்பிடிப் போனாலும் அந்தப் படலையடியிலை இறங்கி நடவுங்கோ. அதிலை வந்தால் சங்கிலி கழரும்" என்றான்.

நான் சிரித்துக்கொண்டு போனேன்.

பெரிய றோட்டில் லொறிகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. அரைமைல் போவதற்குள் மூன்று தரம் இறங்கி நின்றேன். ஒழுங்கை முகப்பு வந்ததும் திருப்பிவிட்டேன். முள் ஒன்றையும் காணவில்லை. அந்தச் சைக்கிள் எண்ணெயில் ஓடுவதுபோல ஓடியது. சீற்றில் சாக்கும் தும்பும் வைத்துத் தைத்திருந்தான். வாழ்க்கையில் முதல் தரம் பிறேக் உள்ள சைக்கிளில் இருந்தேன். கிணற்றடி மதகைத் தாண்டிப் புளிய மரம் தெரிந்தபோது எனக்கு ஒரு விளையாட்டுப் புத்தி வந்தது. சங்கிலி கழராது என்பதைக் காட்டிவிட வேண்டும், நாளைக்கு மேசனிடம் சொல்லிச் சிரிக்க வேண்டும். எழும்பி நின்று மிதித்தேன். பெல்லையும் அடித்தேன். படலைக்கு நேரே வந்தபோதும் அடித்தேன்.

வெய்யில் என் முதுகுப் பக்கம் சாய்ந்திருந்தது. வேலி அடைத்துக்கொண்டிருந்த இரண்டு பேருக்கு நான் நிழலாகத்தான் தெரிந்திருப்பேன். ஒருவர் கையில் குழி தோண்டுகிற அலவாங்கு. அது சில்லுக்குள் நுழைந்ததைக் காணவில்லை. கம்பிகள் முறிகிற சத்தம் கேட்டது. அடுத்ததாக என் வாய்க்குள் மண் இருந்தது.

"இறங்கச் சொன்னால் இறங்கமாட்டியோடா? பெல் வேறை அடிக்கிறியோ? கொப்பன் உந்த வாசலாலை நிமிந்து போனவனோடா?"

முதல் அடி தோளில் விழுந்தது. ஓலை கட்டுகிற மட்டையால் என்று நினைக்கிறேன். நான் எழும்பவில்லை. அலவாங்கு வைத்திருந்தவர் என்னை விட்டுவிட்டுச் சைக்கிளுக்குப் போனார். முன்சில்லை ஒரு காலால் மிதித்துக்கொண்டு அலவாங்கை உள்ளே கொடுத்துத் திருகினார். ஆத்திரத்தில் செய்கிற மாதிரி இல்லை. வேலிக்குக் கதியால் நடுகிற மாதிரி, ஒழுங்காக, பலம் பார்த்துச் செய்தார்.

மற்றவர் என்னைப் புரட்டினார். குனிந்து முகத்தைப் பார்த்தார்.

"அண்ணை, உவன் அவனில்லை."

"அப்ப ஆர்?"

"தெரியேல்லை. சைக்கிள் அவன்ரைதான்."

அலவாங்குக்காரர் திரும்பி வந்தார். நாற்பது வயது இருக்கும். வேர்வை ஊற்றியது. "டேய், ஆரடா நீ? எவடம்? ஆற்றை மோன்?"

எவடம், ஆற்றை மோன்: எந்த இடம், யாருடைய மகன். யாழ்ப்பாணத்தில் யாரும் யாரையும் சாதி என்னவென்று வாயால் கேட்பதில்லை. இந்த இரண்டு கேள்வியும் போதும். பதினாறு வருடம் ஊர் ஊராகத் திரிந்தவன் நான். எத்தனையோ பேர் கேட்டிருக்கிறார்கள். சும்மா சிரித்துவிட்டுப் போயிருக்கிறேன். காய்ச்சலில் கிடந்தபோதுகூட ஊர் பெயரைச் சொல்லி ஆளனுப்பவில்லை. அன்று அலவாங்கின் நுனி என் முழங்காலுக்குப் பக்கத்தில் இருந்தது. என் வாய் திறந்துகொண்டது.

"பண்டத்தரிப்பு. கோயிலடி விதானையாற்றை மருமோன். அவற்றை தங்கச்சியின்ரை மோன்."

கேட்டது அப்பாவை. நான் சொன்னது ஊர்த் தலைமைக்காரரான விதானை மாமனை. எது வேலை செய்யும் என்று என் வாய்க்கு நன்றாகத் தெரிந்திருந்தது.

அலவாங்குக்காரர் அதை வேலியில் சாத்தி வைத்தார்.

"ஐயோ தம்பி, நீர் முந்தியே சொல்லியிருக்கலாமே."

நீர். இதுதான் அந்தச் சொல். ஒரு மூச்சுக்கு முன் நான் "டேய்", நான் "நீ". அதே மண்ணில், அதே முழங்காலில் இரத்தத்தோடு, அதே மனிதன் இருக்கிறேன். ஒரு ஊரும் ஒரு மாமனும் வந்ததும் "நீர்" ஆகிவிட்டேன். அடி எனக்குப் புதிதல்ல. திருகோணமலையில் பல் போக அடி வாங்கியிருக்கிறேன். ஆனால் இப்படி ஒரு சொல்லில் தூக்கி நிமிர்த்தப்பட்டது கிடையாது.

என்னைத் தூக்கிக் குந்தில் இருத்தினார்கள். செம்பில் தண்ணீர் வந்தது. ஒருவர் முழங்காலைக் கழுவினார். உள்ளிருந்து சால்வையோடு வீட்டுப் பெரியவர் வந்தார். விசயத்தைக் கேட்டார். மாமனின் பெயரைக் கேட்டதும் முகம் மலர்ந்தது.

"உம்மடை பெரியதாயைச் சங்கானையிலை எல்லோ கட்டிக் குடுத்தது?"

"ஓம்."

"பாத்தியோ!" என்று தன் மகனான அலவாங்குக்காரரைப் பார்த்துச் சிரித்தார். "எங்கடை சின்னமாமி எடுத்தது அந்தப் பகுதியிலை. சொந்தத்தை எல்லோ அடிச்சுப்போட்டாய்!"

"தம்பி, குறை நினையாதையும்" என்றார் மகன். உண்மையாகவே வெட்கப்பட்டார். "சைக்கிளைப் பாத்துத்தான் அடிச்சனான். ஆளைப் பாக்கேல்லை."

கோப்பி வந்தது. அவர்களே குடிக்கிற, நன்றாகத் துலக்கிய பித்தளை மூக்குப்பேணியில், ஆவி பறக்க, கையில் ஒரு துண்டு பனங்கட்டியோடு. நான் குடித்தேன். குடிக்காமல் விட்டேன் என்று எழுதத்தான் ஆசை. தாகமாக இருந்தது, குடித்தேன்.

குடித்து முடித்துவிட்டு, "சைக்கிள்..." என்றேன்.

"அது அவன்ரைதானே?" என்றார் பெரியவர். "நல்ல காலம். உம்மடை எண்டால் நாங்களெல்லோ புதுசு வாங்கித் தரவேணும்."

"அவன் நாளைக்கு வேலைக்குப் போகவேணும்."

"நடக்கட்டன். முந்தி நடந்தவங்கள்தானே." சால்வையை உதறித் தோளில் போட்டார். "உமக்கென்னத்துக்கு உந்தச் சீமெந்து வேலை? எங்கடை தோட்டம் பாக்க நம்பிக்கையான ஆள் ஒண்டு தேடுறன். நாளைக்கு விடிய வாரும். இஞ்சையே இருக்கலாம், சாப்பாடும் வீட்டிலை."

சைக்கிளைத் தூக்கினேன். வண்டில் கட்டித் தருகிறோம் என்றார்கள். வேண்டாம் என்று தலையாட்டிவிட்டு நடந்தேன்.

மேசன் வீட்டுக்கு வந்தபோது விளக்கு வைக்கிற நேரம். லொறி எனக்கு முன்னம் வந்துவிட்டது. அவன் முற்றத்தில் என் சைக்கிளைக் கவிழ்த்து வைத்துக் கிழிந்த ரயருக்குள் தும்பு அடைத்துக்கொண்டிருந்தான். கிட்டத்தட்ட முடித்துவிட்டான். மனைவி குப்பி விளக்கைப் பிடித்துக்கொண்டு நின்றாள். நான் தோளிலிருந்ததை இறக்கி வைத்தேன். அவன் எழும்பவில்லை. சில்லைப் பார்த்தான், என் முழங்காலைப் பார்த்தான்.

"ஒழுங்கையாலை வந்தனீங்களோ?"

"ஓம்."

"இறங்கேல்லையோ?"

"இல்லை. பெல்லும் அடிச்சனான்."

கண்ணை மூடித் திறந்தான். "அடிச்சவங்களோ?"

"முதலிலை அடிச்சவை."

"பேந்து?"

"பேந்து ஆரெண்டு கேட்டவை. சொன்னன். கோப்பி தந்தவை."

மனைவிதான் முதலில் சிரித்தாள். "கோப்பியோ?" என்றாள். "பேணியிலையோ?"

"மூக்குப்பேணியிலை."

"சொந்தமும் வந்திருக்குமே?"

"ஓம், பெரியதாய் வழியிலை. தோட்டத்திலை வேலையும் தாறனெண்டவை."

அவள் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். விளக்கு ஆடியது. நிறுத்தப் பார்த்தாள், முடியவில்லை. விளக்கை மேசன் பக்கத்தில் வைத்துவிட்டு உள்ளே போனாள். உள்ளேயும் கொஞ்ச நேரம் அந்தச் சத்தம் கேட்டது. அது சிரிப்பா மற்றதா என்று வெளியில் இருந்த எனக்குத் தெரியவில்லை.

"சங்கிலி எண்டு ஏன் சொன்னனி?" என்றேன். "உண்மையைச் சொல்லியிருக்கலாமே."

அவன் தன் சைக்கிளின் சில்லைத் தடவிப் பார்த்துக்கொண்டே கதைத்தான். "சைக்கிள் வந்த கிழமையே மறிச்சவங்கள். றோட்டெல்லாம் ஓடு, வாசலடியிலை மட்டும் இறங்கு எண்டாங்கள். இருபது பாகம்தானே எண்டு விட்டிட்டன். உங்களுக்குச் சொன்னால் நீங்கள் என்ன செய்வியள்? ஒண்டில் எனக்காக நீங்களும் இறங்கி நடப்பியள். இல்லாட்டில் ஏறிக்கொண்டு போய்ச் சண்டை பிடிப்பியள். ரண்டும் எனக்குத்தான் வில்லங்கம்."

நான் செய்தது மூன்றாவது. அவன் யோசிக்காதது. சும்மா விளையாட்டுக்கு ஏறிக்கொண்டு போனது.

"இனிச் செய்யிறதுக்கு ஒண்டுமில்லை" என்றான். "விடியப்புறம் மூண்டு மணிக்கு வெளிக்கிட்டால் நடந்து போயிடலாம். பெரிய றோட்டாலைதான் போகவேணும். நாளைக்குப் போகலாம், நாளையிண்டைக்கும் போகலாம். எத்தினை நாளைக்கு? ஒரு நாள் பிந்தும். பெயரை வெட்டுவாங்கள்."

"வேறை இடத்திலை..."

"வேறை எந்த இடத்திலை அண்ணை?" முதல் தரம் அவன் குரல் உயர்ந்தது. "வேறை எந்த இடத்திலை என்னை மேசன் எண்டு கூப்பிடுறாங்கள்? அங்கை ஒரு பீப்பாத் தண்ணியை எல்லாரும் குடிக்கிறம். வெள்ளைக்காரனுக்கு எங்கடை விசயம் தெரியாது. தெரியாதபடியாலை நான் அங்கை ஒரு ஆள்."

நான் கவிழ்த்து வைத்திருந்த என் சைக்கிளுக்குப் பக்கத்தில் போய் இருந்தேன். அடைத்த தும்பை வெளியே இழுக்கத் தொடங்கினேன்.

"என்ன செய்யிறியள்?"

"உன்ரை முன் ரயர் நல்லாக் கிடக்கு. சில்லுத்தான் போச்சு. என்ரை சில்லு நல்லம், ரயர்தான் போச்சு. உன்ரை பச்சைச் சைக்கிளை அவைக்குத் தெரியும், என்ரையிலை பூட்டுவம். கழட்டு."

"அது உங்கடை சைக்கிள்."

"இருந்தது."

"வேண்டாம்" என்றான். "கோப்பி குடிச்சதுக்குப் பரிகாரமோ?"

இந்தக் கேள்வி மட்டையடியைவிட ஆழமாக இறங்கியது. ஓம் என்றால் பொய், இல்லை என்றாலும் பொய். "தெரியாது" என்றேன். "விடிய ஐஞ்சு மணிக்கு உனக்குச் சைக்கிள் வேணும். எனக்குத் தெரிஞ்சது அவ்வளவுதான்."

அவன் குறடும் சுத்தியலும் எடுத்தான். அவன் ரயரை என் சில்லுக்கு மாற்றினோம். அவனுடைய பிறேக்கையும் கழற்றி என் சைக்கிளில் பூட்டினோம். பெல்லைக் கழற்றவா என்று கேட்டேன். வேண்டாம் என்றான். பச்சை மட்கார்ட்டை அவன் தொடவே இல்லை. முடித்துவிட்டுக் கைகளைத் துடைத்தேன். சாப்பிட்டுப் போங்கோ என்று இருவரும் சொல்லவில்லை. நானும் எதிர்பார்க்கவில்லை. திருநெல்வேலிக்கு நடந்தேன்.

காலையில் தோட்டத்து வேலை ஒரு பக்கம் காத்திருந்தது. இருக்க வீடு, சாப்பாடு, சொந்தக்காரர்கள். தளத்து வேலைக்குச் சைக்கிள் இல்லாமல் போக இயலாது. விடியும்போது பெரிய றோட்டுச் சந்திக்கு வந்துவிட்டேன். அங்கே லொறிகள் கிண்டிய குழிகளைக் கல்லும் கிரவலும் போட்டு நிரப்புகிற கூட்டம் ஒன்று சில நாட்களாக நின்றது. ஓவசியர் கொப்பியும் பென்சிலுமாக ஒரு கற்குவியலில் இருந்தார்.

"ஆள் வேணுமோ ஐயா?"

"எவடம்?"

"திருநெல்வேலி. சந்தையடி."

"சந்தையடியிலை ஆற்றை மோன்?"

"வைக்கோல் கடைச் சார்ப்பிலை படுக்கிறனான்."

"நான் கேட்டது அதில்லை."

"எனக்குச் சொல்லத் தெரிஞ்சது அதுதான்."

ஓவசியர் பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு மேலும் கீழும் பார்த்தார். என்னை எந்தப் பக்கத்தில் வைப்பது என்று அவருக்குத் தெரியவில்லை. அந்த நேரம் சைக்கிள்கள் வரத் தொடங்கின. கூட்டத்தின் நடுவில் மேசன் வந்தான். நேற்றுவரை என்னுடையதாக இருந்த கறுப்புச் சைக்கிள், காரியரில் சோற்றுப் பொதி. குழிகளை விலத்தி விலத்தி வந்தான். என்னைக் கண்டு வேகத்தைக் குறைத்தான்.

"நிக்காதை, போ!" என்று கத்தினேன்.

அவன் நிற்கவில்லை. தலையை மட்டும் ஒரு தரம் அசைத்துவிட்டுக் குனிந்து மிதித்தான். தளத்தின் கேற் சாத்துவதற்கு இன்னும் நேரம் இருந்தது.

"அந்தத் தொங்கலிலை போய் நில்லு" என்றார் ஓவசியர். "கல்லுக் கூடை வரும். கைமாத்தி விடு."

நான் வரிசையின் கடைசியில் போய் நின்று, கையை நீட்டி, முதல் கூடையை வாங்கினேன்.